குழந்தைகளின் மூக்குத் தொற்று: கேள்வி பதில்

கேள்வி: என் நான்கு வயது மகனுக்கு ஐந்து நாளாகச் சளி. இப்போது பச்சையாக வருகிறது. ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டுமா, டாக்டர்?

பதில்: நிறத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். சாதாரண வைரஸ் சளியும் சில நாள்களில் கெட்டியாகிப் பச்சையாக மாறும். பத்து நாள்களுக்கு மேலும் சற்றும் குறையாமல் நீடித்தாலோ, குறைந்து வந்த சளி மறுபடியும் காய்ச்சலோடு கூடினாலோ, தொடக்கத்திலேயே 39 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சலும் சீழ் போன்ற சளியும் தொடர்ந்து 3 நாள் இருந்தாலோதான் சைனஸில், அதாவது மூக்கைச் சுற்றிய எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளில், பாக்டீரியா தொற்று என்று கருதுகிறோம். அப்போது பெரும்பாலும் அமாக்ஸிசிலின், தனியாகவோ கிளாவுலனிக் அமிலத்துடனோ, எடைக்கேற்ற அளவில் தரப்படும். வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எக்ஸ்ரே எடுக்கலாமா?

பதில்: தேவையில்லை. சாதாரணச் சளியிலும் சைனஸ் அறைகள் மங்கலாகத்தான் தெரியும்.

கேள்வி: மகளுக்குச் சளியோடு ஒரு கண் இமை வீங்கிவிட்டது. காலை வரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம், இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மூக்கை ஒட்டிய சைனஸுக்கும் கண்குழிக்கும் இடையே இருப்பது காகிதம் போன்ற மெல்லிய எலும்புதான். வீக்கம் இமையோடு நிற்கிறதா, கண்குழிக்குள் இறங்கிவிட்டதா என்பதே நாங்கள் முதலில் பார்ப்பது. கண்ணை அசைக்கும்போது வலி, கண் முன்தள்ளுதல், இரட்டையாகத் தெரிதல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் சிடி ஸ்கேன் எடுத்து, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் தொடங்கி, கண் மருத்துவரையும் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் அழைப்போம். சீழ் கட்டியிருந்தால் சில குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையும் வேண்டியிருக்கும். நெற்றி வீக்கம், கடும் தலைவலியுடன் வாந்தி, அசாதாரணத் தூக்கக் கலக்கம் ஆகியவையும் இதே அளவு அவசரமானவை.

கேள்வி: ஒரு நாசியில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வருகிறது.

பதில்: வேறு காரணம் தெரியும் வரை, உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்றே கொள்ளுங்கள். பட்டன் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே திசுவை அரித்து, இரு நாசிகளையும் பிரிக்கும் நடுச்சுவரில் துளையிட்டுவிடும். சொட்டு மருந்தோ உப்புநீரோ விடாமல் உடனே கொண்டுவாருங்கள்.

கேள்வி (பயிற்சி மருத்துவர்): மூன்று நாள் முன்பு விழுந்த குழந்தைக்கு இரு நாசியும் அடைத்து, காய்ச்சலும் வந்துள்ளது. எலும்பு முறிவு இல்லை.

பதில்: முறிவு இல்லை என்ற நிம்மதிதான் இங்கே நம்மை ஏமாற்றுகிறது. நடுச்சுவரின் இருபுறமும் மெத்தென்று வீங்கியிருக்கிறதா என்று நாசிக்குள் பாருங்கள். அந்தச் சுவரிலுள்ள குருத்தெலும்புக்குச் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. அதைப் போர்த்திய சவ்வுக்கு அடியில் இரத்தம் தேங்கிச் சீழ் பிடித்தால் குருத்தெலும்பு அழிந்து, மூக்குத் தண்டு உள்வாங்கிவிடும். ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. இன்றே சீழை வெளியேற்ற ஏற்பாடு செய்யுங்கள்.