17ஆம் நூற்றாண்டு லண்டனில் ஸ்பெயின் தூதர் கோண்டோமார் பிரபு அவ்வளவு செல்வாக்குப் பெற்றது எப்படி?

முதற்காரணம், மன்னர் முதலாம் ஜேம்ஸின் மனத்தை அவர் நன்றாகப் படித்திருந்தார். ஸ்பெயினின் கலீசியப் பகுதிப் பிரபுக் குடும்பத்தில் 1567இல் பிறந்த தியேகோ சர்மியெந்தோ தே அக்குன்யா, 1613இல் தூதராக லண்டன் வந்தார். கோண்டோமார் பிரபு என்ற பட்டம் 1617இல்தான் கிடைத்தது. மன்னருக்குப் போர் பிடிக்காது, பணமுடையும் இருந்தது. எனவே இளவரசர் சார்லஸுக்கு ஸ்பெயின் இளவரசியை மணமுடிக்கலாம், பெருஞ்சீதனம் வரும் என்ற ஆசையைக் காட்டிப் பேச்சுவார்த்தையை ஆண்டுக்கணக்கில் இழுத்தார். அந்தத் திருமணம் நடக்கவேயில்லை.

அவரது பிடிவாதமும் சாதாரணமானதல்ல. வந்திறங்கியபோதே, ஆங்கிலக் கப்பலுக்கு மரியாதையாகக் கொடியைத் தாழ்த்த மறுத்துவிட்டார்! ஆங்கிலக் கடலோடி வால்டர் ராலேயின் ஆட்கள் 1618 தொடக்கத்தில் தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றங்கரையில் ஸ்பானியக் குடியிருப்பைத் தாக்கியபோது, ராலேயைத் தண்டித்தே ஆகவேண்டும் என்று மன்னரை நெருக்கினார். அதே ஆண்டு அக்டோபரில் ராலேயின் தலை வெட்டப்பட்டது. ராலேமீது பழைய மரணதண்டனை ஒன்று நிலுவையில் இருந்தது உண்மைதான். ஆனாலும் இதைக் கோண்டோமாரின் சாதனையாகப் போற்ற எனக்கு மனம் வரவில்லை.

நான் மனதார வியப்பது அவரது நூலகத்தை. வயாதோலித் நகர மாளிகையில் ஆயிரக்கணக்கான நூல்களைச் சேர்த்திருந்தார். 1626இல் அவர் இறந்தபின், காலப்போக்கில் அவற்றில் பெரும்பகுதி மத்ரித் அரண்மனை நூலகத்துக்குச் சென்றது.