கே-பாப் ஐடல்களின் வாழ்க்கை நாம் திரையில் பார்ப்பது போலத்தான் இருக்குமா?

பத்தாவது படிக்கும் தங்கை, கொரியா போய் ஐடல், அதாவது கம்பெனி பயிற்சி கொடுத்து மேடையேற்றும் கொரிய பாப் பாடகி, ஆகப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், அந்த வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து வருடத்துக்கும் மேலாக நான் கே-பாப் ரசிகை. அந்தத் தொழிலில் இருக்கும் யாரையும் எனக்குத் தெரியாது. செய்திகளில் வந்ததையும், ஐடல்களே வாய்திறந்து சொன்னதையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

2024 அக்டோபரில் நியூஜீன்ஸ் குழுவின் ஹன்னி, கொரிய நாடாளுமன்றக் குழுவின் முன்னால் உட்கார்ந்து, வேலையிடத்தில் தன்னை ஒதுக்குகிறார்கள் என்று கண்ணீரோடு சொன்னார். அப்போது அவருக்கு 20 வயது. அடுத்த மாதம் தொழிலாளர் அமைச்சகம் ஒரு முடிவுக்கு வந்தது: சட்டப்படி ஹன்னி ஒரு தொழிலாளியே இல்லை. குறித்த வேலைநேரம் கிடையாது, அவர் வாங்குவதும் சம்பளம் இல்லை, கம்பெனியோடு பங்கிட்டுக்கொள்ளும் வருமானம். ஆகவே தொழிலாளர் சட்டம் அவருக்குப் பொருந்தாது. உங்கள் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியவில்லை.

சம்பளம் இல்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிரெய்னியாக, அதாவது பயிற்சி மாணவராகச் சேர்ந்தால் தங்குமிடம், நடனம், குரல் பயிற்சி எல்லாம் கம்பெனி செலவு. அப்புறம் குழு அறிமுகமாகும்போது பாட்டு, வீடியோ, உடை, மேக்கப், வண்டி என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும். வருகிற பணம் முதலில் அந்தச் செலவில் கழியும். மிச்சத்தில்தான் பங்கு, அதையும் ஐந்து பேரோ ஒன்பது பேரோ பிரித்துக்கொள்ள வேண்டும். டிரெய்னிக் காலச் செலவைக்கூடக் கடனாகத் தலையில் கட்டும் கம்பெனிகளும் உண்டு. டிவியில் தினம் முகம் தெரிந்தும், இரண்டு மூன்று வருடம் கையில் காசே பார்க்கவில்லை என்று சொன்ன ஐடல்கள் பலர். சத்தமில்லாமல் கலைந்துபோன சின்னக் குழுக்களைப் பற்றி யாரும் பேசுவதுகூட இல்லை.

இதை எதிர்த்துக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு டிவிஎக்ஸ்க்யூ என்ற குழுவைப் பாருங்கள். 2009இல் அந்த ஐவரில் மூவர் எஸ்எம் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். அவர்கள் கையெழுத்திட்டிருந்த ஒப்பந்தம் 13 வருடம். அதே வருடம் அரசின் வணிகப் போட்டி ஆணையம் 7 வருட வரம்போடு மாதிரி ஒப்பந்தம் கொண்டுவந்தது. ஏழாம் வருடம் குழுக்கள் உடைவதை 'ஏழு வருடச் சாபம்' என்று நாங்கள் சொல்கிறோமே, அந்த ஏழு இதுதான். ஆனால் வழக்குப் போட்ட மூவரும் பல வருடம் டிவி இசை நிகழ்ச்சிகளில் தலைகாட்ட முடியவில்லை.

பயிற்சிக் காலத்துக்குக் கணக்கே கிடையாது. ட்வைஸ் குழுவின் ஜிஹ்யோ எட்டு வயதில் கம்பெனிக்குள் போனார், மேடை ஏறும்போது 18. பத்து வருடம் காத்திருந்தும் மேடை ஏறாமல் வீடு திரும்பியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அதே குழுவின் மோமோ, 7 கிலோ குறைத்தால்தான் மேடை என்று சொல்லப்பட்டதால், ஒரு வாரம் ஐஸ்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்ததாகச் சொன்னார். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தூக்கமும் அப்படித்தான். வியாழன் முதல் ஞாயிறு வரை தினமும் ஒரு டிவி இசை நிகழ்ச்சி. மூன்று நிமிடப் பாட்டை விடியுமுன்பே பதிவு செய்வார்கள். அதற்கு நடுராத்திரியில் எழுந்து மேக்கப்புக்கு உட்கார வேண்டும். 15 வயதுக்குக் கீழே வாரம் 35 மணி நேரம், அதற்கு மேல் 18 வரை 40 மணி நேரம், இரவு 10க்குப் பிறகு வேலை கூடாது என்று 2014இல் சட்டம் வந்தது. ஆனால் 15 தாண்டியவரும் பெற்றோரும் சம்மதித்தால் இரவு வேலைக்கு விலக்கு உண்டு. அதே 2014 செப்டம்பரில், தேகு நகரில் நிகழ்ச்சியை முடித்துவிட்டு நள்ளிரவு தாண்டி, மழையில், சியோலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த லேடீஸ் கோட் குழுவின் வேன் தடுப்பில் மோதியது. அதில் இருந்த யுன்பிக்கு 21 வயது, ரைஸுக்கு 23. இருவரும் இறந்துபோனார்கள்.

இதில் ரசிகர்கள் பங்கையும் மறைக்கக் கூடாது. 2024 பிப்ரவரி இறுதியில் ஏஸ்பா குழுவின் கரினா ஒரு நடிகரைக் காதலிப்பது தெரிந்ததும், ரசிகர்கள் கம்பெனி வாசலுக்கு, வாசகங்கள் ஓடும் மின்பலகை வைத்த வண்டி அனுப்பி கரினாவைக் கண்டித்தார்கள். அவர் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதினார். 23 வயதுப் பெண் காதலித்ததற்கு மன்னிப்பு! சில வாரத்தில் அந்தக் காதலும் முறிந்தது. எஃப்(எக்ஸ்) குழுவில் இருந்த சுல்லியை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. தன்மேல் கொட்டிய வசவுகளைத் தானே வாசிக்கும் டிவி நிகழ்ச்சியில் 2019இல் தொகுப்பாளராக இருந்தார். அந்த அக்டோபரில் 25 வயதில் இறந்துபோனார். அதே மாதம் கொரிய இணையதளமான டாம் (Daum) பொழுதுபோக்குச் செய்திகளின் கீழே கமெண்ட்டை மூடியது. இன்னொரு கொரிய தளமான நேவர் மூடியது 2020 மார்ச்சில்தான்.

தங்கையின் ஆசையை ஒரேயடியாக அடைக்காதீர்கள். நடனம், கொரிய மொழி இரண்டும் எங்கிருந்தும் கற்கலாம். ஆனால் ஒன்று: கொரியாவில் 19 வயது நிரம்பாதவரின் ஒப்பந்தத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அதாவது கடைசிக் கையெழுத்து உங்கள் அப்பா அம்மாவுடையது. அதைப் போடுமுன், பயிற்சிச் செலவு யார் கணக்கில் ஏறும், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி, கொரிய மொழி தெரிந்த ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.