நெல், தென்னை, உப்பளம்: காலநிலை மாறினால் எங்கே அடி விழும்? (கேள்வி பதில்)

பொருளாதார மாணவி: சார், ஒரு தொழிலுக்கு வரப்போகும் பாதிப்பைக் கணக்கிட எந்த உமிழ்வுக் கணிப்பை (கரியமில வாயு போன்றவை இனி எவ்வளவு வெளியேறும் என்ற கணிப்பை) எடுப்பது?

அதை அப்புறம் பார்க்கலாம். 2040 வரைக்கும் உமிழ்வு கூடினாலும் குறைந்தாலும் வெப்பநிலையில் பெரிய விலகல் இருக்காது, வித்தியாசம் அதற்குப் பிறகுதான் விரியும். முதலில் அந்தத் தொழில் வருடத்தில் எந்த நாட்களில் அடிவாங்கும் என்று தொழில் செய்கிறவரிடமே கேளுங்கள். நெல் பூக்கிற சில நாட்களில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகும், ஆண்டுச் சராசரியில் இது தெரியவே தெரியாது. இரவுச் சூட்டையும் விடாதீர்கள். பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய வயல்களைப் பற்றி 2004-ல் வந்த ஆய்வில், வறண்ட பருவத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி ஏறியபோது மகசூல் 10 சதவீதம் இறங்கியிருந்தது.

திருத்துறைப்பூண்டி விவசாயி: வெள்ளம் தாங்கும் சப்-1 ரகம் போட்டால் போதுமா?

பாதிக் கவலைதான் தீரும். நவம்பரில் இளம்பயிர் மூழ்கினால் ரெண்டு வாரம் போலத் தாங்கும், சரி. ஆனால் 2021 ஜனவரியில் என்ன நடந்தது? அறுவடைக்கு நின்ற கதிர் மழையில் சாய்ந்து வயலிலேயே முளைவிட்டது, அங்கே சப்-1-க்கு வேலையே இல்லை. மேலும் அந்த வகையில் சிஆர் 1009 சப்-1 என்கிற ரகம் ஏறக்குறைய 155 நாள் பயிர், ஆற்றுத் தண்ணீர் பிந்தி விதைப்பு தள்ளிப்போனால் நீங்களே அறுவடையைக் கொண்டுபோய் அந்த மழையில் நிறுத்துகிற மாதிரி. அப்படிப்பட்ட வருடத்தில் வயது குறைந்த ரகத்துக்கு மாறுங்கள். வடிகால் தூர்ந்து கிடந்தால் எந்த ரகமும் காப்பாற்றாது.

அதே விவசாயி: காப்பீடு இருக்கிறதே ஐயா?

கட்டுங்கள், சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் நீங்கள் கட்டும் பிரீமியம். ஆனால் அது நஷ்டத்தைப் பங்குபோடும், குறைக்காது. இதையும் தகவமைப்பு, அதாவது காலநிலை மாற்றத்துக்கு ஏற்ப மாறிக்கொள்வது என்று அறிக்கைகளில் எழுதிவைக்கிறார்கள், படித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். பெரும்பாலும் ஊர்ச் சராசரி மகசூலை வைத்துத்தான் இழப்பீடு என்பதால், உங்கள் பள்ளக்காடு மட்டும் மூழ்கினால் கையில் ஒன்றும் வராமல் போகலாம்.

பேராவூரணி தென்னை விவசாயி: கஜா புயலில் தோப்பு போனது. திரும்பத் தென்னையே வைக்கலாமா?

வையுங்கள், ஆனால் முழுத்தோப்பையும் ஒரே பயிரில் வேண்டாம். தென்னை காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடமாவது ஆகும், அதற்குள் இன்னொரு புயல் வந்தால் இரண்டு முறை இழந்த கணக்கு.

தூத்துக்குடி உப்பளக்காரர்: எங்களுக்கு மழை கூடுமா, குறையுமா?

மொத்த மழை உங்களுக்குப் பெரிய விஷயமே இல்லை அண்ணாச்சி. ஐப்பசி, கார்த்திகையில் எப்படியும் பாத்தி சும்மாதான் கிடக்கும். பாத்தியில் உப்பு விளைகிற மாசி, பங்குனியில் ஒரு நாள் மழை பெய்தால்தான் உப்பு முற்றிய தண்ணீர் நீர்த்துப்போய்ப் பல நாள் உழைப்பு வீணாகும், முப்பது வருட மழைப்பதிவை வாங்கி அந்த மாதங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். இன்னொன்று, 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அதில் அம்பாரத்தில் கிடந்த உப்பும் கரைந்தது. தார்ப்பாய் அதற்கு நிற்காது, மேடான இடத்தில் கிட்டங்கி (சேமிப்புக் கிடங்கு) வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து கட்டினால்தான் கட்டுபடியாகும்.