டாக்டர் பதில்கள்: இறுகிய தோளுக்கு எலாஸ்டோகிராபி தேவையா?

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. 4 மாதமாக இடது தோள் இறுகிக் கிடக்கிறது. எலாஸ்டோகிராபி (திசுவின் விறைப்பை அளக்கும் ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறார்கள். சாதாரண அல்ட்ராசவுண்ட் போதாதா?

பதில்: கையைத் தளரவிட்ட நிலையில் டாக்டரே வெளிப்பக்கம் திருப்பியும் அது திரும்பவில்லை, எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானமும் இல்லை என்றால், 'உறைந்த தோள்' என்று முடிவுசெய்ய பெரும்பாலும் அதுவே போதும். ஸ்கேன் துணைக்குத்தான்.

சாதாரண அல்ட்ராசவுண்ட் திசுவின் தடிப்பைக் காட்டும். எலாஸ்டோகிராபி விறைப்பை அளக்கும். ஒலித்துடிப்பு திசுவுக்குள் குறுக்கலையை (திசுவைப் பக்கவாட்டில் அசைத்துப் பரவும் அதிர்வை) எழுப்பும். விறைப்பு கூடக்கூட அலை வேகமாக ஓடும். விடை கிலோபாஸ்கல் என்ற விறைப்பு அலகில் வரும். முக்கியமாகப் பார்ப்பது, தோள்பட்டை எலும்பின் கொரகாய்டு முனையிலிருந்து மேற்கை எலும்புக்குப் போகும் கொரகோஹியூமரல் இணைப்பு நாரை.

எண் தவறாவது பெரும்பாலும் எடுக்கும் விதத்தில்தான். ப்ரோபை (தோள்மேல் வைக்கும் ஸ்கேன் கருவியை) அழுத்தினாலே திசு விறைக்கும். ஜெல்லைத் தாராளமாகப் பூசி லேசாகத் தொட வேண்டும். ப்ரோப் நாரின் நீளவாட்டத்திலிருந்து விலகினால் வேகம் மாறும். கையை வெளிப்பக்கம் திருப்பினால் நார் இழுபட்டு அளவு ஏறும். அதனால் இரு தோள்களையும் ஒரே கோணத்தில் வைத்து, தலா 3 முறையாவது அளக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு மறு தோளும் லேசாக இறுகியிருக்கலாம் (சர்க்கரை நோயில் இது சகஜம்). அப்போது ஒப்பீடு ஏமாற்றும். மறுபடி எடுத்தால் அதே மெஷினில் எடுங்கள். வேறு கம்பெனி மெஷினின் எண்ணோடு இது ஒத்துப்போகாது.