சான் மரினோவின் குடிமக்களில் ஏன் இத்தனை பேர் வெளிநாட்டில் வாழ்கிறார்கள்?

இத்தாலி நான்கு புறமும் சூழ்ந்த சான் மரினோவின் பரப்பளவு 61 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 34,000. அதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அந்நாட்டுக் குடிமக்கள். மீதிப்பேரில் பெரும்பாலோர் இத்தாலியர்கள்; பேச்சிலும் மதத்திலும் பெரிய வேறுபாடு கிடையாது.

சுவையான பகுதி வெளியே இருக்கிறது. 12,000-க்கும் மேற்பட்ட குடிமக்கள் அயல்நாடுகளில் வாழ்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சிறு விளைநிலமும் அங்குள்ள டைட்டானோ மலையில் கல் உடைக்கும் வேலையும் தவிரப் பிழைக்க வழியில்லை. முதலில் பருவகாலக் கூலிகளாக இத்தாலிக்குள் போனார்கள். பிறகு பிரான்ஸ், அர்ஜென்டினா, அமெரிக்கா. டெட்ராய்ட், நியூயார்க் நகரங்களில் அவர்களின் சங்கங்கள் உருவாயின.

1960-களில் சுற்றுலாவும் தொழிற்சாலைகளும் வளர்ந்ததும் ஓட்டம் திசை மாறியது. பலர் திரும்பினார்கள், வேலை தேடி இத்தாலியர்களும் வந்தார்கள்.

குடியுரிமை வம்சவழி என்பதால் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளும் குடிமக்களாகலாம். வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளிநாட்டுவாசி! ஆனால் அஞ்சல் வாக்கு இல்லை. வாக்களிக்க நேரில்தான் வர வேண்டும். டெட்ராய்ட்காரருக்கு இது விலை கூடிய உரிமைதான்.