நிலநடுக்கவியல் படிக்க ஆசைப்படும் மகளுக்கு: எந்தக் குரூப், எந்த வழி, என்ன வேலை?

பத்தாம் வகுப்பு முடித்த மகள் "நிலநடுக்கம் பற்றித்தான் படிப்பேன்" என்று பிடிவாதமாக இருக்கிறாள், இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. கிடைக்கும். ஆனால் இது பாறையைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் படிப்பு என்று நினைத்து வருபவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே திணறிவிடுகிறார்கள். இதில் முக்கால் பங்கு இயற்பியலும் கணக்கும்தான். பிளஸ் ஒன்னில் கணிதம் இல்லாத குரூப்பை எடுத்துவிடாதீர்கள். பின்னால் அதைச் சரிசெய்வது மிகவும் கடினம்.

வேலை எப்படிப்பட்டது என்பதற்கு நமக்குத் தெரிந்த கடலையே பார்க்கலாம். சுமத்ராவுக்கு மேற்கே, கடலடியில் உள்ள சுந்தா அகழியில் இந்தியத் தட்டு (பூமியின் மேலோட்டில் ஒரு பெரிய துண்டு) ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் இன்னொரு தட்டுக்கு அடியில் இறங்குகிறது. இரண்டும் உரசும் இடம் பூட்டிக்கொண்டால் மேல்தட்டின் விளிம்பும் சேர்ந்து கீழே இழுபடும். பூட்டு விடும்போது விளிம்பு மேலெழும்பி, மேலே நிற்கும் கடலையும் தூக்கிவிடும். 2004 டிசம்பர் 26 காலை 6.29-க்கு அதுதான் நடந்தது. வடக்கே அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளவு ஓடி முடிக்கவே எட்டுப் பத்து நிமிடம் ஆனது.

அந்த நிலநடுக்கத்துக்கு அன்று முதலில் வெளியான அளவு 8.0. உண்மையில் அது 9-ஐத் தாண்டியது. ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும் என்பதால் இது சின்னப் பிசகு இல்லை. முதலில் வந்து சேரும் குறுகிய அலைகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், இவ்வளவு நீளமாக, இவ்வளவு நேரம் உடையும் பிளவின் முழுப் பலமும் அதில் தெரியாது. அந்தப் பலம், ஒரு முறை அதிரவே பல நூறு வினாடி எடுக்கும் நீண்ட அலைகளில்தான் இருக்கும். தமிழகக் கரைக்கு அலை வந்து சேர இரண்டரை மணி நேரம் இருந்தும் எச்சரிக்கை வரவில்லை. அதன் பிறகுதான் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-ல் வந்தது.

அளவு மட்டும் தெரிந்தாலும் போதாது. 2012 ஏப்ரல் 11-ல் அதே சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ந்தது, சென்னையிலும் உணர்ந்தார்கள். ஆனால் பெரிய சுனாமி வரவில்லை. அந்தப் பிளவு அகழிக்கு வெளியே, இந்தியத் தட்டுக்குள்ளேயே இருந்தது. அதன் இரு பக்கமும் கிடைமட்டமாக நகர்ந்ததால் கடல் அதிகம் தூக்கப்படவில்லை. பிளவு எந்தப் பக்கம், எந்தச் சாய்வில் நகர்ந்தது என்பதைச் சில நிமிடங்களில் கணித்துச் சொல்வதுதான் இந்தத் துறையின் அன்றாட வேலை. இதை மகளிடம் சொல்லுங்கள். நிலநடுக்கம் வரும் நாளை முன்கூட்டிச் சொல்லும் வேலை என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள், அப்படி ஒரு முறை இன்றுவரை இல்லை.

அவளுக்கு இது ஒத்துவருமா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு லேப்டாப்பில் பைதான் நிரல்மொழியும், நிலநடுக்கப் பதிவுகளை ஆராயும் ஆப்ஸ்பை என்ற இலவச மென்பொருளும் போதும். இலங்கையின் பல்லேகலையில் உலக நிலநடுக்கப் பதிவு வலையமைப்பைச் சேர்ந்த ஒரு நிலையம் இருக்கிறது, அதன் பெயர்க்குறி பால்க். சுமத்ரா பக்கம், அங்கிருந்து சுமார் 1,500 கி.மீ. தள்ளி நடந்த 6 அளவு நிலநடுக்கம் ஒன்றின் பதிவை இறக்கி, முதலில் வரும் பி அலையும் பின்னால் வரும் எஸ் அலையும் வந்த நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். இடைவெளி இரண்டரை நிமிடம் போல வரும். பாடப்புத்தக வழக்கப்படி அந்த இடைவெளியின் வினாடியை எட்டால் பெருக்கித் தூரம் பார்த்தால் 1,200 கி.மீ. என்றுதான் விடை வரும். அந்த விதி அருகில் நடக்கும் அதிர்வுகளுக்கு மட்டுமே பொருந்தும். தூரம் போகப் போக அலை இன்னும் ஆழத்தில், வேகமாகப் பாயும். விடை ஏன் தவறியது என்று அவள் விடாமல் தேடினால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். ஒரு மாத விடுமுறைக்குள் அலுத்துவிட்டால் அதுவும் இப்போதே தெரிந்தது நல்லதுதான்.

பிளஸ் டூ முடித்ததும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வழியாக காரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.களில், நிலநடுக்கவியலும் அடங்கிய புவி இயற்பியல் படிப்பில் சேரலாம். அது கைகூடாவிட்டால் பி.எஸ்சி. இயற்பியல் படித்து, எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாம் எழுதி, மும்பை, தன்பாத் போன்ற ஐ.ஐ.டி.களில் முதுகலைக்குப் போகலாம். என் கணிப்பில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதுதான் நம்பகமான வழி. பி.எஸ்சி. ஜியாலஜி சென்னை மாநிலக் கல்லூரியிலும் திருச்சி நேஷனல் கல்லூரியிலும் உண்டு. அதை எடுத்தால் துணைப்பாடத்தில் கணிதமும் இயற்பியலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பின்னால் புவி இயற்பியலுக்கு மாறுவது சிரமம்.

வேலைக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு முக்கியமானது. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்களும் அதில் புவி இயற்பியலாளர் பணிக்கு எழுதலாம். காலியிடங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஒரே தேர்வை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். எண்ணெய், எரிவாயு நிறுவனமான ஓ.என்.ஜி.சி. பக்கமும் வாய்ப்பு உண்டு. ஆராய்ச்சி என்றால் நெட் தேர்வு எழுதி, ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் (என்.ஜி.ஆர்.ஐ.) போன்ற இடங்களில் பிஎச்.டி. செய்யலாம். அதற்கு இருபத்தெட்டு, முப்பது வயது ஆகிவிடும் என்பதை வீட்டில் எல்லோரும் இப்போதே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அவ்வளவு காலம் காத்திருக்க முடியாத நிலை என்றால் பி.இ. சிவில் படிக்கவைத்து, ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் நிலநடுக்கப் பொறியியல் எம்.டெக். சேர்க்கலாம். கட்டடம் அதிர்வைத் தாங்க எப்படிக் கம்பி கட்ட வேண்டும் என்று கணக்கிடத் தெரிந்தவர்களைக் கட்டுமான நிறுவனங்களும் தேடுகின்றன.