பிடித்த இயங்குதளத்தையே பிடித்துக்கொண்டிருப்பதா, வேலைக்கு ஒத்துவருவதற்கு மாறுவதா?

பத்து வருடமாக ஒரே இயங்குதளம் (விண்டோஸ், மேக், லினக்ஸ் மாதிரி கம்ப்யூட்டரையே ஓட்டும் அடிப்படை மென்பொருள்), இப்போது புது லேப்டாப் வாங்க வேண்டும், வேலைக்கு வேறொன்றுதான் வசதி என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள், ஆனால் மாறினால் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பத்து வருடம் எதில் என்று சொல்லவில்லை. நல்லதாய்ப் போயிற்று. சொல்லியிருந்தால் இந்நேரம் இங்கே அடிதடி ஆரம்பித்திருக்கும்.

'துரோகம்' என்ற சொல்லைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் அதை வாய்விட்டே சொன்னவன். கூட வேலை பார்த்த ஒருவர் லினக்ஸிலிருந்து மேக்குக்கு மாறியபோது அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். நான் விளையாடவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்றைக்கும் நான் லினக்ஸில்தான் இருக்கிறேன். இந்தப் பதிலையும் அதில்தான் தட்டுகிறேன். எந்த நிறுவனமும் எனக்கு எதுவும் தரவில்லை. 'லினக்ஸ் தெரியாதவன் பேசுகிறான்' என்று வரப்போகிறவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை நானே கம்பைல் செய்து, விடிய விடிய உட்கார்ந்து வைஃபையை வரவழைத்த காலத்து ஆள் நான்.

'இயங்குதளம் தவறு, இயக்குதளம்தான் சரி' என்று வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன, விடுங்கள். ஒருமுறை டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிப்பது எப்படி என்று இரண்டு பக்க அளவுக்கு ஒரு பதில் எழுதினேன். வந்த பதினோரு கருத்துகளில் ஒன்பது இந்த ஒரு சொல்லைப் பற்றி. டிஸ்க்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் அதில் ஒரு கட்டளையைத் தப்பாக எழுதியிருந்தேன். அப்படியே அடித்திருந்தால் இருந்ததும் அழிந்திருக்கும். அது யார் கண்ணிலும் படவில்லை, நானே ஒரு வாரம் கழித்துத் திருத்தினேன். தமிழில் தொழில்நுட்பம் எழுத ஆளில்லை என்று அப்புறம் புலம்புவோம். சரி, கேள்விக்கு வருகிறேன்.

என் அக்கா நாற்பது வயதுக்கு மேல் ஒரு தொழில்முறைச் சான்றிதழ்த் தேர்வுக்குப் படித்தாள். அவளிடம் இருந்தது விண்டோஸ் 10 போட்ட ஒரு பழைய லேப்டாப். "ஆன் பண்ணிட்டுப் போய் வேற வேலையே முடிச்சிட்டு வரலாம்டா, அவ்வளவு ஸ்லோ. கொஞ்சம் பாரேன்" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பார்த்த ஐந்தாவது நிமிடம் காரணம் தெரிந்துவிட்டது. உள்ளே இருந்தது தட்டு சுழலும் பழைய ரக ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் திணறுகிறது, பிராசஸர் சும்மா இருக்கிறது. ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டே இல்லாத வேகமான டிஸ்க்) மாட்டினால் முடிந்துபோகும் சமாசாரம். அது எனக்குத் தெரியும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்தும் நான் எடுத்தது ஸ்குரூ டிரைவரை அல்ல, லினக்ஸ் இருந்த பென்டிரைவை.

லினக்ஸை நிறுவும்போது ஒரு கேள்வி வரும்: விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவவா, முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டு நிறுவவா? பக்கத்தில் என்று சொல்லியிருந்தால் இன்று இதை எழுத வேண்டியிருக்காது. அவளுடைய கோப்புகளை மட்டும் நகலெடுத்து வைத்துவிட்டு, அழித்து நிறுவு என்றேன். அதை அழுத்தும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், எதிர்க்கட்சிக்காரனை நம் பக்கம் இழுத்துவிட்டது போல. இப்போது நினைத்தால் கூசுகிறது.

வேகம் கூடியது உண்மைதான். மூன்று மாதம் அதில்தான் படித்தாள். பிரௌசர், பிடிஎஃப், வீடியோ, அவளுக்குத் தேவைப்பட்டது அதுதான். ஒரு புகாரும் இல்லை. 'எங்க அக்காவே லினக்ஸ்தான்' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம். கேமராவும் மைக்கும் ஓடிக்கொண்டிருக்கும், யாரோ ஒருவர் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு அவர்கள் தரும் மென்பொருளை நிறுவ வேண்டும். இரண்டு நாள் முன்னதாகவே அக்கா கேட்டாள்: "சிஸ்டம் செக்னு ஒண்ணு பண்ணச் சொல்றாங்க, ஒரு தடவை பார்த்துடலாமாடா?" நான் அந்த மின்னஞ்சலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இப்பல்லாம் எல்லாமே பிரௌசர்ல ஓடும்க்கா. நீ படிக்கிற வேலையைப் பாரு."

தேர்வு 10 மணிக்கு. 9:30 முதல் உள்ளே போகலாம், 10:15க்கு மூடிவிடுவார்கள். 9:32க்கு மென்பொருளைப் பதிவிறக்கும் பொத்தானை அழுத்தினாள். 'உங்கள் இயங்குதளத்தில் இது இயங்காது' என்று வந்தது. கீழே இரண்டு படங்கள், ஒன்று விண்டோஸ், ஒன்று மேக்.

விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட வைக்க வைன் என்று ஒன்று உண்டு, 1993இலிருந்து வளர்ந்து வருவது. அதில் திறந்தது. கேமராவைச் சோதிக்கும் இடத்தில் விழுந்தது. அடுத்து என் லேப்டாப்பைக் கொண்டுவந்தேன். இந்த இடத்தில் ஒரு வாக்குமூலம்: என் லினக்ஸுக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினில், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் ஒரு பொய்க் கம்ப்யூட்டரில், விண்டோஸ் எப்போதும் ஒளிந்திருக்கும். சில படிவங்கள், சில கோப்புகள், வேறு வழியில்லாத நேரங்களுக்காக. ஊருக்குத்தானே உபதேசம். அதில் தேர்வு மென்பொருள் நிறுவிக்கொண்டது, திறந்தது, 'மெய்நிகர் கணினியில் அனுமதி இல்லை' என்று தானே மூடிக்கொண்டது. அதன் தரப்பில் நியாயம் இருக்கிறது. உள்ளே தேர்வு எழுதிக்கொண்டே வெளியே விடை தேடலாமே.

மணி 9:50. அந்த விர்ச்சுவல் மெஷினுக்காக எடுத்த விண்டோஸ் ஐஎஸ்ஓ (நிறுவுவதற்கான கோப்பு) என்னிடம் இருந்தது. பென்டிரைவில் போட்டு அக்கா மெஷினில் நிறுவிவிடலாம், அதன் லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது என்று கணக்குப் போட்டேன். எஃப்ஏடி32 என்ற பழைய சேமிப்பு முறையில் பென்டிரைவைத் தயார் செய்து கோப்புகளை நகலெடுக்கக் கொடுத்தேன். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து முக்கால்வாசி வந்து நின்றது. 'கோப்பு மிகப் பெரியது.' எஃப்ஏடி32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. விண்டோஸையே சுருட்டி வைத்திருக்கும் அந்த ஒற்றைக் கோப்பு அதைத் தாண்டும். துண்டு போடக் கருவி இருக்கிறது, வேறு வழியும் இருக்கிறது, எனக்கு எல்லாம் மனப்பாடம். ஆனால் பதற்றத்தில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மணி 10:09.

அக்கா அந்த நேரம் முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். மேசையில் ஒன்றும் இருக்கக் கூடாது என்பது விதி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அடையாள அட்டையை மட்டும் நேராக வைத்திருந்தாள். நான் மேசையில் கொண்டுவந்து பரப்பிய ஒயர்களைக்கூட ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டாள். 10:15 தாண்டியதும் மின்னஞ்சல் வந்தது, தேர்வுக்கு வராதவர் என்று. "சரி விடு, நீ என்ன வேணும்னேவா பண்ணே" என்று எழுந்துபோனாள். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

இரண்டரை மாதம் கழித்துத்தான் அடுத்த தேதி கிடைத்தது. அதற்குள் எஸ்எஸ்டி மாட்டி, விண்டோஸையே திரும்பப் போட்டுக் கொடுத்தேன். ஆன் செய்தால் சட்டென்று வந்து நின்றது. முதல் நாளே செய்திருக்க வேண்டியது. அக்கா தேறிவிட்டாள். ஆனால் அதற்கப்புறம் கம்ப்யூட்டர் விஷயமாக என்னிடம் ரொம்ப நாள் எதுவும் கேட்கவில்லை.

'லினக்ஸுக்கு மென்பொருள் எழுதாதது அவர்கள் குற்றம், லினக்ஸின் குற்றம் இல்லை' என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன், இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் 9:32க்கு அந்த வாதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இது லினக்ஸில் ஓடுமா என்று, அக்கா சிஸ்டம் செக்கைப் பற்றிக் கேட்ட அன்றே நான் பார்த்திருக்க வேண்டும்.

விசுவாசம் விசுவாசம் என்கிறோமே, அந்த நிறுவனங்களைப் பாருங்கள். 1997 ஆகஸ்டில், பாஸ்டனில் நடந்த மேக்வேர்ல்ட் கூட்டத்தில், மைக்ரோசாஃப்ட் ஆப்பிளில் 15 கோடி டாலர் முதலீடு செய்கிறது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தார். பின்னால் பெரிய திரையில் பில் கேட்ஸ் வந்தார். கூட்டத்தில் இருந்த மேக் ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். அவர்கள் நேசித்த நிறுவனம் அப்போது பிழைக்குமா என்ற நிலையில் இருந்தது. 2001இல் லினக்ஸைப் புற்றுநோய் என்று சொன்னவர் மைக்ரோசாஃப்டின் அப்போதைய தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர். 2016இல் அதே நிறுவனம் விண்டோஸ் 10க்குள்ளேயே லினக்ஸ் கட்டளைகளை ஓட்ட வழி செய்தது, லினக்ஸ் ஃபவுண்டேஷனிலும் உறுப்பினராகச் சேர்ந்தது. 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா, அதுவரை ஓடிக்கொண்டிருந்த பழைய 32 பிட் ரக மென்பொருள்களை ஒரே அடியாக நிறுத்தியது. எங்கள் பக்கமும் யோக்கியம் இல்லை. 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பி சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் வகையைப் போட்டவர்களிடம், 2021 கடைசியோடு முடிந்தது என்று சொன்னார்கள். அவர்களுக்கு அது வியாபாரம், முடிவெடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாம்தான் இங்கே உட்கார்ந்து நட்பை முறித்துக்கொள்கிறோம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மாணவராகவோ, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள் ஆனவராகவோ இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மாற்றே இல்லாத மென்பொருள் எது என்று மட்டும் பாருங்கள். ஐஃபோன் செயலி எழுதுவதென்றால் எக்ஸ்கோடு வேண்டும், அது மேக்கில்தான். சாலிட்வொர்க்ஸ், ரெவிட் மாதிரி வடிவமைப்பு மென்பொருள்கள் என்றால் விண்டோஸ். சர்வர் பக்கத்து வேலை என்றால் லினக்ஸ் சௌகரியம், ஆனால் மற்ற இரண்டிலும் தாராளமாகச் செய்யலாம். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன என்பதை நான் எத்தனையோ பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். அது உங்கள் பிரிண்டரை ஓட்டாது. மாற்றே இல்லாதது என்று எதுவும் இல்லையென்றால், பிடித்ததையே வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடத்தில் விரல்கள் பழகிய குறுக்குவிசைகளும் ஒரு சொத்துதான். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

விசுவாசம் காட்டியே ஆக வேண்டும் என்றால் உங்கள் கோப்புகளுக்குக் காட்டுங்கள். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் நான் எழுதியதெல்லாம் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றத்தில் (எழுத்தை எண்ணாக்கிச் சேமிக்கும் முறை) கிடந்தது. டிஸ்கியில் கொஞ்சம், டேபில் கொஞ்சம், பெயரே மறந்துபோன ஒன்றில் நிறைய. இன்று திறந்தால் மூன்று இயங்குதளத்திலும் ஒரே மாதிரி பூச்சி பூச்சியாகத்தான் தெரிகிறது. டிஸ்கியையும் டேபையும் மாற்றிவிட்டேன், அந்த மூன்றாவதில் இருந்ததில் பாதிகூட மீளவில்லை. பத்து வருடம் இயங்குதளத்துக்காகச் சண்டை போட்ட நேரத்தில் அதை உட்கார்ந்து மாற்றியிருக்கலாம்.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு நின்றது. அக்காவின் லேப்டாப் பிராசஸர் விண்டோஸ் 11 கேட்கும் பட்டியலில் இல்லை. அந்த வாரம் அவளே கூப்பிட்டாள். "அந்தப் பெங்குவின் படம் போட்டது ஒண்ணு வச்சுக் கொடுத்தியே, அது இதுல இன்னும் ஓடுமா?"

பழைய ஆளாக இருந்தால் அன்று மாலையே பென்டிரைவோடு கிளம்பியிருப்பேன். "அதுல என்னென்ன வேலை பாக்கறேன்னு எழுதி அனுப்புக்கா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். ராத்திரி வந்தது, ஆறு வரி. வங்கி, வீடியோ கால், அலுவலகத்து எக்ஸெல், போட்டோ, பிரிண்டர். ஆறாவது வரி: "பரீட்சை எதுவும் இல்லை, பயப்படாதே."

இப்போது பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், டிஸ்க்கைத் தொடவில்லை. இரண்டு வாரம் ஆகிறது. எக்ஸெலில் ஒரு மேக்ரோ (வேலையைத் தானே செய்ய எழுதி வைத்த சின்ன நிரல்) தகராறு செய்கிறது. அதற்கு வழி கிடைக்கவில்லையென்றால் வேறு லேப்டாப் வாங்கச் சொல்லிவிடுவேன்.